நீலத் தட்டுகள் போட்ட மேசை

காஜா பேராங், மலாக்கா
18 ஆகஸ்டு 1957

அன்புள்ள ருக்மணி அக்காவுக்கு,

உங்கள் ஓரகத்தி கோகிலா கும்பிட்டு எழுதுவது. என் கல்யாணத்தன்று ஒரு நாள் முகத்தைக் காட்டிவிட்டு சிரம்பானுக்குப் பறந்துவிட்டீர்கள். இந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நீங்கள். சந்தேகம் வந்தால் வேறு யாரைக் கேட்பேன்? தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் குடும்பம், மாமி பேசுவதெல்லாம் மலாய். நான் தமிழில் எதையாவது கேட்டால் வெற்றிலையை மென்றுகொண்டு சிரிக்கிறார்.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திர நாள், அன்று மத்தியானம் உங்கள் கொழுந்தனார் ஆபீஸ் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையில் மேசை அலங்காரம் பார்த்தேன். கோடை முடியும் காலத்துக்கென்று எல்லாம் நீலமும் வெள்ளையுமாக! நமக்கு ஏதக்கா கோடை முடிவது? வருஷம் பூரா வெயில்தானே. ஆனாலும் ஆசை விடவில்லை.

பின்கட்டு அலமாரியில் அதே மாதிரி நீலப் பூப் போட்ட வெள்ளைத் தட்டுகள் தூசி படிந்து கிடக்கின்றன. இத்தனை அழகானதை ஏன் யாரும் எடுப்பதில்லை? இவரைக் கேட்டால், “பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கென்ன தெரியும்?” என்கிறார். மாமிக்குச் சொல்லாமல் போட்டு அசத்தப் போகிறேன். நடுவில் சங்குப்பூ. நன்றாயிருக்கும் அல்லவா?

இன்னொன்று, கோபிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் படத்துக்கு மாமி மாலை போட விடுவதில்லை. சயாமுக்குப் போனவன் வருவான் என்கிறார். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?

அன்புத் தங்கை,
கோகிலா

சிரம்பான்
28 ஆகஸ்டு 1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

அடி பாவி, அந்தத் தட்டுகளைத் தொடாதே! தையல் பள்ளி வேலையில் உன் கடிதத்தைப் பிரிக்கவே நாளாகிவிட்டது. இது உரிய நேரத்தில் வந்து சேர வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. அந்த வீட்டில் நோன்யாக்களின், அதாவது மலாக்காச் சீனப் பெண்களின், வழக்கம். விசேஷத்துக்கு வண்ணத் தட்டு. நீலமும் வெள்ளையும் துக்க வீட்டுக்கு மட்டும். மாமா இறந்தபோது எடுத்ததுதான், பிறகு மாமி எடுக்கவே இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் அவரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். கூடப் போனவர், காய்ச்சலில் இறந்தவரைத் தன் கையாலேயே புதைத்ததாக மாமியிடம் வந்து சொன்னார். மாமி அவரை வீட்டைவிட்டு விரட்டிவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு வளையலும் குங்குமமும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நானும் போட்டுக்கொள்கிறேன்.

உன்னிடம் மறைப்பானேன்? இங்கே மருதமுத்து என்று தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். எனக்கும் சம்மதம். ஆனால் மாமி வாயால் ஒரு சொல் வராமல் நான் எப்படித் தாலியைக் கழற்றுவேன்? அவரும் எத்தனை காலம் காத்திருப்பார்? மாமி காதில் போட்டுவிடாதே.

உன் அக்கா,
ருக்மணி

காஜா பேராங், மலாக்கா
2 செப்டம்பர் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, அக்கா.

விருந்தாளிகள் உட்கார்ந்துவிட்டார்கள். மாமி அடுப்படியிலிருந்து வந்தார். மேசையைப் பார்த்தார். “சியாப்பா மாத்தி?” என்றார். யார் செத்தது என்று கேட்கிறார்! இவர் எழுந்து தட்டுகளை அடுக்கி எடுக்கப் போனார். மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தன் கேள்விக்குத் தானே பதில் சொன்னார். “அனாக் சாயா.” என் பிள்ளை.

பிறகு ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டு, மேசைத் தலைப்பில் காலியாக இருந்த நாற்காலிக்கு எதிரே வைத்து, “சேது, மாக்கான்” என்றார். உங்கள் வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். வந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன்.

மாமி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நிறுத்தி நிறுத்திப் பேசியதால் அவர் மலாய் எனக்குப் புரிந்தது. “ருக்மணிக்கு யாரோ இருக்கிறான். எனக்குத் தெரியும்” என்றார். சத்தியமாக நான் சொல்லவில்லை, அப்போது உங்கள் கடிதமே வரவில்லை; சிரம்பான் போய் வந்த யாரோ சொன்னார்களாம்! “சேது செத்துவிட்டான் என்று சொன்னால் அவளும் போய்விடுவாளே. ஒரே நாளில் ரெண்டு பேரை நான் எப்படித் தொலைப்பேன்?” என்றார். பதினாறாம் தேதி படையல் வைக்கிறார். உங்களை வரச் சொன்னார். தாலியை நீங்களே உங்கள் கையால் கழற்றி வைக்க வேண்டுமாம், வேறு யாரும் தொடக் கூடாதாம்.

அந்த வாத்தியார் எப்படிப்பட்டவன், குடிப்பானா என்று எழுதிக் கேட்கச் சொன்னார்.

கோகிலா

சிரம்பான்
7 செப்டம்பர் 1957

அன்புள்ள கோகிலா,

இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்? கடிதத்தைப் படித்துவிட்டு ஒப்பாரி வைத்து அழுதேன். மருதமுத்து வந்து பார்த்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். குடிக்க மாட்டார் என்று மாமியிடம் சொல்.

முதல் நாளே பஸ் ஏறுகிறேன். அவரும் துணைக்கு வருகிறேன் என்றார். இந்த ஒரு முறை வேண்டாம் என்றுவிட்டேன். நானும் மாமியும் சேர்ந்து அழ வேண்டும்.

படையலில் மீன் வைத்தால் அவர் இலையில் வால் துண்டாகப் பார்த்து வைக்கச் சொல். நடுத்துண்டை அவர் எப்போதும் என் தட்டில் தள்ளிவிடுவார்.

ருக்மணி