தகட்டில் ஒருவர், கோலில் வேறொருவர்

அம்ஹாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சீனி வருத்தம் மருந்தில் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம்.

ஒரு ஸ்னூக்கர் கோலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்டிருந்தீர்கள். நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்த கோல்கள் அவை. வாங்குபவர்களுக்கு மரத்தைவிடச் செய்தவரின் பெயர்தான் முக்கியம். ஒவ்வொன்றின் வரலாற்றையும் எழுதிக் கையொப்பமிடுவது என் வேலை.

போன மாதம் வந்த கோலொன்றில், பெயர்த் தகட்டைச் சுற்றி இன்னொரு பெரிய தகட்டின் தடம் தெரிந்தது. தகட்டை மாற்றியிருக்கிறார்கள், பெயர் புகழ்பெற்றவருடையது, கோல் வேறு யாரோ செய்தது என்று வாங்க வந்தவர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். முதலாளி என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அதற்கு ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை.

அந்தக் கதை பரவி, இப்போது என் கையொப்பம் இல்லாமல் யாரும் வாங்குவதில்லையாம்.

"கடைக்குப் பேரே நீங்கதான் ராத்தா. மொதலாளி இனி உங்கள ஊருக்கு உடுவாரா?" என்று கூட வேலைசெய்யும் றிபாஸ் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். லீவு அடுத்த வருடம்தானாம். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது, பத்திரமாக இருக்கட்டுமாம்.

இதைக் கொண்டுவருபவரிடம் என் பழைய வாசிப்புக் கண்ணாடியையும் கொஞ்சம் மாசிக் கருவாட்டுத் தூளையும் கொடுத்துவிடுங்கள். அம்ஹாவின் நிக்காஹ்வைத் தள்ளிப்போட வேண்டாம். உம்மாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.

கடைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது.

நதீரா