அப்பா அறைக்கு ஒரு சாவி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. எல்லாரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி நலம், ஒருவர் பரவாயில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நானாகவே நம்பிக்கொள்கிறேன்.

விடுமுறைக்கு வந்திருந்த உன் கூட்டாளி வெல்டர் நாளை மறுநாள் திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் அச்சடித்த ஒரு சீட்டு இருக்கும். போனில் ஸ்கேன் செய்தால், அது அப்பா அறைக்குச் சாவி. அதனால்தான் போனில் படமாக அனுப்பாமல் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

உன்னிடம் மறைத்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்கிற நர்ஸம்மா அந்த நேரம் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவால் கூப்பிட முடியாது என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் தரையில் கிடந்தாரோ, நர்ஸம்மா வந்து பார்த்தபோது இடது கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாராம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து லேபில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருவருடைய ரத்த மாதிரிக் குப்பியில் இன்னொருவர் பெயரை ஒட்டப் போனேன். பக்கத்து மேசைக்காரி கையைப் பிடித்துத் தடுத்தாள்.

அதனால் ஒரு கேமரா வாங்கினேன். கடைக்காரர், "ஆப் போட்டா போதும் மேடம், எங்கிருந்து வேணா பாக்கலாம்" என்றார். லேபுக்குப் பிரிண்டர் சரிசெய்ய வருகிறவரை நாங்கள் ஒயர் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவரிடம் பெட்டியைக் காட்டினேன். "நீங்க எங்கிருந்து வேணா பாக்கலாம்னா, கண்டவனும் எங்கிருந்து வேணா பாக்கலாம்மா" என்றார். அப்பாவுக்கு உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அந்த அறையில்தான். பெட்டியைத் திரும்ப ஒட்டி மூடிவிட்டேன்.

வீட்டிலேயே சொந்தமாக ஒரு வி.பி.என். வைத்துக்கொள்ளச் சொன்னார். நம் போனிலிருந்து நம் வீடு வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு சுரங்கப்பாதை என்று வைத்துக்கொள். சாவி இருப்பவர்தான் உள்ளே நுழைய முடியும். அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாமாம். சீட்டுக்கட்டு அளவில் ஒரே பலகையாய்க் குட்டிக் கம்ப்யூட்டர் விற்கிறார்களே, அது போதுமாம். நீங்களே போட்டுக் கொடுங்களேன் என்றேன். "நான் போட்டா சாவி என்கிட்டயும் இருக்கும்ல? நீங்களே போடுங்க. நான் பக்கத்துல நின்னு சொல்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நம்பினேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. விரல் நகம் அளவு மெமரி கார்டில் அதற்கான இயங்குதளத்தை ஏற்றி, பலகையில் செருகி, ரவுட்டரோடு கேபிளில் இணைத்தேன். பிறகு கறுப்புத் திரையில் வரி வரியாகத் தட்டச்சு. ஓர் இடத்தில் புள்ளி ஒன்றை விட்டுவிட்டேன். அதைத் தேடியே அரை நாள் போனது. எனக்கு ஒரு சாவி, உனக்கு ஒரு சாவி உண்டாக்கினேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்காக ரவுட்டரில் ஒரே ஒரு வாசலைத் திறந்து வைத்தேன்.

வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. தெருவில் இறங்கினால் ஒன்றும் இல்லை. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் ஒயர் அண்ணன்தான் கண்டுபிடித்தார்: இணைய இணைப்பு தருகிறவர்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியை வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து கதவைத் தட்டினால் எந்த வீடு என்று தெரியாது. அவர்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "எல்லாருக்கும் அப்படித்தான் மேடம், யாரும் கேட்டதில்லையே" என்றாள். நான் கேட்கிறேனே என்றேன். மூன்றாவது தடவை பேசியபோது, இவள் விடமாட்டாள் என்று புரிந்திருக்க வேண்டும். நமக்கென்று தனி முகவரி கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் லேபில் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தேன். அப்பா அறை தெரிந்தது. அவர் மேசையில் இருந்த தம்ளரை இடது கையால் எட்டிப் பிடித்து, பாதியைச் சிந்தி, மீதியைக் குடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று கதவுப் பக்கம் பார்த்தார். தானாகக் குடித்த முதல் தண்ணீர் அது. லேபில் எல்லார் எதிரிலும் அழுதுவிட்டேன்.

அவரைக் கேட்காமல் வைக்கவில்லை. சரி என்றால் என் கையை அமுக்குங்கள் என்றேன். அமுக்கினார். யாராவது பார்க்கும்போது மட்டும் கேமராவில் நீல விளக்கு எரியும் என்று காட்டினேன். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைப் பற்றி அவரிடம் பேச வேண்டாம் என்று நீ சொல்லியிருப்பதால், உனக்கும் ஒரு சாவி அனுப்புவதை அவரிடம் சொல்லவில்லை. தினமும் அவர் போட்டோ கேட்கிறாயே, இனி நீயே பார்த்துக்கொள்.

உடம்பைக் கவனித்துக்கொள். வேலையில் கையுறை இல்லாமல் நிற்காதே.

உன் நலம் விரும்பும்
அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

அங்கே குளிர் எப்படி இருக்கிறது? வெல்டர் பத்திரமாக வந்து சேர்ந்தார் என்று தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இதைப் போனில் பேசியிருக்கலாம். பேசினால், "சரிக்கா, சூப்பர்வைசர் கூப்புடறாரு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் மின்னஞ்சலில் கடிதமாக எழுதுகிறேன். முழுக்கப் படி.

அப்பா ஒரு கை பிடித்தால் உட்காருகிறார். பேச்சு மட்டும் வரவில்லை. டாக்டர் முன்பெல்லாம் மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார். இந்தத் தடவை இரண்டு வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நர்ஸம்மா கொஞ்ச நாளாக ஒரு புகார் சொல்லிக்கொண்டிருந்தார். "அஞ்சு மணி ஆச்சுன்னா போதும், சட்டைய மாத்துன்னு கையால இடிக்கிறாரு. தலை சீவுன்னு சீப்பக் காட்டுறாரு. ஒரு நாள் லேட்டாச்சுன்னு சீப்பத் தூக்கி வீசிட்டாருங்க." நோயாளிக் கோபம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நானும் சமாதானம் சொன்னேன்.

போன ஞாயிறு நான் வீட்டில் இருந்தேன். ஐந்து மணிக்கு அப்பா என்னை இடித்தார். சட்டை மாற்றி, தலை சீவி, தலையணை வைத்து உட்கார வைத்தேன். ஐந்தரைக்கு நீல விளக்கு எரிந்தது. என் போன் ஹாலில் சார்ஜில் கிடக்கிறது. எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். ஒயரைப் பிடுங்கத்தான் போனேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். முதுகை நிமிர்த்தி, கோணிப்போன வாயை இடது கையால் மறைத்துக்கொண்டு, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே வெளியே வந்து அந்தச் சின்னப் பலகையில் பார்த்தேன். எந்தச் சாவி எப்போது உள்ளே வந்தது என்று அதில் குறிப்பு இருக்கும். உன் சாவி. பத்தொன்பது நாள். ஒரு நாள் விடவில்லை. உன் ஷிப்ட் இடைவேளை எப்போது என்று எனக்கு இப்போது தெரியும், கண்ணா. அந்த நாற்பது நிமிடமும் நீ சாப்பிடுவதில்லை என்பதும் தெரியும்.

தினமும் வந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறாய். ஏன் என்று கேட்க மாட்டேன். அம்மா தவறி, தகனமும் முடிந்து, இரண்டாம் நாள் நீ பையோடு வந்து நின்றபோது நானும் ஹாலில்தான் இருந்தேன். உனக்கு உடனே விடுப்பு தரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அன்று எதுவும் காதில் ஏறவில்லை. "இனி என் மூஞ்சியிலேயே முழிக்காத" என்றார். நீ பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்படியே திரும்பிவிட்டாய். இரண்டு வருடம் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். இப்போதும் அதையேதான் செய்கிறாய், அவர் கண்ணில் படாமல்.

நான் அறைக்குள் திரும்பிப் போய் அவரிடமே கேட்டேன். தம்பிதான் பார்க்கிறான், உங்களுக்குத் தெரியுமா? சின்ன வயதில் பெருக்கல் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னால் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை பார்த்தார். நான் பார்ப்பது மதியத்தில். ஐந்தரைக்கு எரிகிற விளக்கு யாருடையது என்று அவர் முதல் வாரமே கணக்குப் போட்டிருக்கிறார்.

அவன் பேசட்டுமா என்று கேட்டேன். கையை அமுக்கவில்லை. பயந்துவிட்டேன். பிறகு அந்த ஒரு கையால் என் கன்னத்தைத் தொட்டு, கேமராவைக் காட்டினார். புரியவில்லை என்றேன். மறுபடியும் என் கன்னம், மறுபடியும் கேமரா. மூன்றாவது தடவை என் மோவாயைப் பிடித்து ஆட்டியபோதுதான் புரிந்தது, அவர் கேட்பது உன் முகம். நீ அவரைப் பார்க்கிறாய். அவர் ஒரு விளக்கைப் பார்க்கிறார்.

தம்பி, சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எல்லாருக்கும் ஒரு வாய் இருக்கிறது. அவருக்கு அது போய்விட்டது. நல்ல காலத்திலேயே எடுத்திருக்கலாம்தான். வீம்பு. உன்னிடம் இருப்பதும் அதே வீம்புதான், கோபித்துக்கொள்ளாதே.

என் பழைய டேப்லெட்டைக் கட்டிலுக்கு எதிரே, கேமராவுக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். ஒயர் அண்ணன் துணைக்கு நிற்க, அதையும் அதே சுரங்கப்பாதையில் சேர்த்துவிட்டேன். உனக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், அந்தச் சாவியே போதும். நீ வீடியோவில் கூப்பிட்டால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும், அவர் எதையும் தொட வேண்டியதில்லை.

நாளைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். ஐந்து மணிக்கு நானே அவருக்குச் சட்டை மாற்றுவேன். ஐந்தரைக்கு அறையில் இருக்க மாட்டேன். நர்ஸம்மாவையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். நீ அழுதாலும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பேச எதுவும் தோன்றாவிட்டால் பேச வேண்டாம். அவரும் பேசப் போவதில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் இருக்கிற பக்கமாகத் திரும்பி உட்கார். முகம் நன்றாகத் தெரியட்டும்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். நாளைக்கு மட்டும் தாமதமாக வராதே.

உன்
அக்கா