முற்றுப்புள்ளிக்காரன்

1956 பிப்ரவரி 9, வியாழன்

பனி. வாசலில் கிடந்ததைத் தள்ளிச் சுத்தம் செய்தேன். இடுப்பு விட்டுப் போயிற்று. நாவல் நகரவில்லை.

பத்திரிகையில் டெவரோவின் பேட்டி. மிசிசிப்பியில் உட்கார்ந்துகொண்டு அவ்வப்போது என்னை வம்புக்கு இழுக்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. "ஸ்ட்ரௌட்டா? அவரு நாவல் எழுதலீங்க, தந்தி அடிக்கிறாரு" என்றிருக்கிறான். நிருபர் என்னையும் போனில் பிடித்துவிட்டார். "டெவரோ வாக்கியத்துல ஏறுறவங்க கட்டுச்சோறு கட்டிக்கிட்டு ஏறணும்" என்றேன். அவருக்குப் பரம சந்தோஷம்.

முப்பது வருடமாக இதே கூத்து. அவன் காற்புள்ளிக்காரன், நான் முற்றுப்புள்ளிக்காரன். பத்திரிகைகள் வைத்த பெயர்கள். நேரில் பார்த்தது ஒரே ஒரு விருந்தில், அங்கேயும் கை கொடுத்துக்கொள்ளவில்லை. சலித்துவிட்டது.

பிப்ரவரி 10

ஒரு வரிகூட இல்லை.

மார்ச் 3

எழுதினேன். நாவலில் பண்ணைக்காரனின் மனைவி இறக்கும் காலை. உட்கார்ந்தேன், முற்றுப்புள்ளியே வரவில்லை. முழுப் பக்கமும் ஒரே வாக்கியம். இரண்டு தடவை படித்தேன். பத்து வருடத்தில் இப்படி ஒன்று எழுதியதில்லை.

என் மனைவி ஹெஸ்டர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்: "ஹெஸ்டர் இறந்தாள். மழை." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. இன்று எங்கிருந்து வந்தது?

சாயங்காலம்தான் உறைத்தது — அந்தப் பக்கம் டெவரோ எழுதியது மாதிரி இருக்கிறது.

மார்ச் 19

அந்தப் பக்கம் வந்த பிறகு மீதி நாவல் ஓடி முடிந்தது; போன வாரமே அனுப்பியிருந்தேன். இன்று நியூயார்க் போனேன். பதிப்பாசிரியர் கெல்னருடன் மதியச் சாப்பாடு.

"வென்டல், புக்கு பிரமாதம். அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துடுங்க."

"ஏன்?"

"ஏனா? கடைசியில ஸ்ட்ரௌட் டெவரோ கால்ல விழுந்துட்டாருன்னு எழுதுவானுங்க. இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்துன பேரு போயிடும்."

"பக்கம் நல்லா இல்லையா?"

சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். "நல்லா இருக்கு. அதான் பிரச்சனையே."

திரும்பும் ரயிலில் நீலப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டேன். பதிலுக்கு: "அவள் காலையில் இறந்தாள்." சுத்தமாக இருக்கிறது. என் கைதான் இது.

மார்ச் 20

அனுப்பிவிட்டேன். சரியாகத்தான் செய்தேன். செய்தேனா?

மே 28

கெல்னர் செய்த காரியத்தைப் பார். பின்னட்டையில் போட இரண்டு நல்ல வார்த்தை கேட்டு அச்சுப்படியை டெவரோவுக்கு அனுப்பியிருக்கிறார்! "விரோதி வாயால பாராட்டு வந்தா அதோட மதிப்பே தனி வென்டல்" என்று சிரிப்பு வேறு. போயும் போயும் அவனுக்கா அனுப்பணும்? என் மானத்தை வாங்கணும்னே கங்கணம் கட்டிக்கிட்டு இருக்காரா இந்த மனுஷன்? வயிறு எரிகிறது. ஏன்தான் எழுத வந்தேனோ.

ஜூன் 11

டெவரோ போன் செய்தான். அந்த இழுவைக் குரல். பேச்சிலும் காற்புள்ளிதான்.

"யோவ் ஸ்ட்ரௌட், டெவரோ பேசுறேன், வச்சுடாதேயும், புஸ்தகம் படிச்சேன், வழக்கம்போல மூச்சு முட்டுது."

"அதச் சொல்லவா கூப்பிட்டீரு?"

"இல்லய்யா. அந்தப் பொம்பள மாடிப்படி ஏறுறா. அடுத்த வரியில செத்துட்டா. நடுவுல எதையோ புடுங்கிட்டீரு."

"நான் எப்பவும் அப்படித்தான் எழுதுவேன்."

"யாருகிட்ட கத விடுறீரு? இத்தன வருஷமா உம்ம எழுத்த வரி வரியாப் படிக்கிறவன் நான், திட்டுறதுக்காவது. நீரு வேணும்னு விடுறது எப்படி இருக்கும், பயந்துபோய் விடுறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

போன் கம்பியை விரலில் சுற்றினேன்.

"நீளமா இருந்துச்சோ?"

"ஆமா."

பெரிதாகச் சிரித்தான். "எனக்குப் பயந்தா வெட்டுனீரு? நீளம் என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா?" சிரிப்பு நின்றது. "உம்ம வீட்டம்மா தவறினத பேப்பர்ல பாத்தேன். எழுதணும்னு உக்காந்தேன். எப்படி எழுதியும் முடியல, நீண்டுகிட்டே போச்சு. அனுப்பல. மன்னிச்சுக்கும்."

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். என் எழுத்தில் ஒரு பக்கம் காணாமல் போனது யாரும் சொல்லாமலே இந்தப் பூமியில் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது. அவனும் டெவரோவாக இருக்கவேண்டுமா!

ஜூன் 12

கோடு போட்ட பக்கத்தை எடுத்தேன். எங்கள் தொழிலில் அடித்த வரி திரும்ப வேண்டுமென்றால் அதன் அடியில் புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவோம். ஒவ்வொரு வரிக்கும் வைத்தேன். கை வலித்தது.

கெல்னர் போனில் கெஞ்சினார். "எல்லாரும் சிரிப்பாங்க வென்டல்."

"சிரிக்கட்டும்."

செப்டம்பர் 30

மதிப்புரைகள் வந்துவிட்டன. ஒன்றின் தலைப்பு: "காற்புள்ளிக்காரன் ஜெயித்தான்." கெல்னர் துக்கம் விசாரிப்பதுபோலப் பேசினார். டெவரோ நிருபர்களிடம், "என்ன மாதிரி எழுதப் பாத்திருக்காரு, வரல, பாவம்" என்றானாம். கள்ளன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அக்டோபர் 14

இன்று காலை காப்பியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பும்போது ஹெஸ்டர் கடைசியாக இறங்கி வந்த அந்தக் காலை நினைவுக்கு வந்தது, பச்சைக் கம்பளிச் சட்டையின் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தாள், நான் சுட்டிக் காட்டியதும் திருத்துவதற்கு இந்த வீட்டில் வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று சிரித்தாள், எனக்கு முட்டை பொரித்து வைத்தாள், தனக்கு வேண்டாம் என்றாள், முகம் வெளுத்திருக்கிறதே என்று கேட்டதற்கு வெளிச்சம் அப்படி என்றாள், மேலே போய்க் கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லி மாடிப்படியில் பாதி ஏறியவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று திரும்பிப் பார்த்து, நீ எழுது, நான் சத்தம் போடமாட்டேன் என்றாள், சொன்னபடியே போடவில்லை,