இரண்டு சேவுகன்கள்

ஈப்போ,
சனிக்கிழமை.

விசாலிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தணிந்ததா? மருமகளும் பேரனும் சுகந்தானே?

பேரனுக்குப் பெயர் வைக்கும் நாளுக்கு என்னால் வர முடியாது. ஈப்போ பக்கம் லகாட்டில் பழைய ரப்பர்த் தோட்டத்தில் வீடு கட்ட நம் ஊர் முதலாளிக்குக் கொடுத்த ஒப்பந்தத்தை இங்குள்ள அரசாங்கம் ரத்து செய்தது உனக்குத் தெரியும். அந்த வழக்கில் சாட்சி சொல்ல, நேற்று சர்வதேச நடுவர்கள் முன் உட்கார்ந்தேன். நான் வாய் திறக்கும் முன்பே அரசாங்க வக்கீல் எழுந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வை. சேவுகன் இறந்துவிட்டாரே, வழக்குப் போட்டிருக்கும் வை. சேவுகன் யார் என்று கேட்டார். இவர் அவருடைய பேரன், தாத்தாவின் பெயரும் தலைப்பெழுத்தும் பேரனுக்கு அப்படியே வருவது எங்கள் வழக்கம் என்றேன். ஆதாரம் கேட்டு, விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதுவரை நான் நாட்டைவிட்டுப் போகக் கூடாதாம்.

"என்னண்ணே, உங்க ஊருல பேருக்கும் பஞ்சமா லா?" என்றான் திரும்பும் வழியில் டிரைவர் தர்மேந்திரன். இந்த ஊரில் எந்தப் பேச்சுக்கும் வாலாக ஒரு 'லா'.

"பேசாம வண்டிய ஓட்டுடா" என்றேன்.

எனக்காகப் பெயர் வைக்கும் நாளை மாற்றாதே. பேரனின் படம் அனுப்பு. போன படத்தில் போர்வைதான் தெரிந்தது. இங்கே யாராவது வந்தால் பருப்புப் பொடி கொடுத்துவிடு.

இதைக் கொண்டுவருபவர் விமானத்துக்கு அவசரப்படுத்துகிறார். ஒன்று மட்டும். நம் வழக்கம் வேண்டாம், புதுப் பெயராக வைக்கச் சொல் என்று நேற்று எரிச்சலில் எழுதிக் கிழித்தேன். என் பெயரையே வைக்கச் சொல். நான் இல்லாத வீட்டில் அதுவாவது இருக்கட்டும்.

நாச்சியப்பன்