கனமான நைட்ரஜன்

நவம்பர் 3, காலை 9.10
பதிவு செய்பவர்: செண்பகவடிவு, பல் வேதியியல் ஆய்வாளர். சிவாலிக் மலை, மேல்முகாம்.
மாதிரி: அழிந்துபோன மனிதக்குரங்கின் கடைவாய்ப்பல். எனாமலில் உள்ள கார்பன், பழமரக் காட்டையே காட்டுகிறது. காடு சுருங்கிப் புல்வெளி பரவிய காலத்துப் பல் இது. சுற்றிலும் புல். பல்லில் புல்லின் தடயமே இல்லை.
எங்களுக்கு நேர்ந்தது தலைகீழ். நெல், கோதுமை, சோளம், கம்பு என்று புல்லினம் முழுவதையும் பூஞ்சை அழித்துவிட்டது. உணவை இழந்த விலங்கு எதற்கு மாறிப் பிழைத்தது என்று பற்களில் தேடத்தான் எங்களை அனுப்பினார்கள். இதுவரை பார்த்த எந்தப் பல்லிலும் உணவு மாறிய தடயம் இல்லை.

நவம்பர் 12, மாலை 4.30
நிலச்சரிவில் கீழ்முகாமுக்குப் போகும் பாதை போய்விட்டது. நான் மேலே. நிலவியலாளர் எட்வின் அண்ணாச்சி கீழே. உணவுக் கிடங்கும் கீழே. மிஞ்சியது கம்பிவடமும் அதில் ஓடும் கூடையும்தான்; ஆள் ஏறினால் தாங்காது. தினமும் என் பங்கு அதில் வருகிறது. தலைமையகம் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. பனி உருகும் வரை யாரும் ஏறி வர முடியாது.
வானொலியில் அண்ணாச்சி: "வடிவு, பயறு மாவு அனுப்பிருக்கேன். கட்டி தட்டாம கிண்டு. நான் சாப்பிட்டாச்சு."

டிசம்பர் 6, காலை 11.00
பல்லை அளக்கும் இயந்திரத்தைச் சரிபார்க்க, என்ன உண்கிறது என்று தெரிந்த ஓர் உடம்பு வேண்டும். என் தலைமுடியை வைத்தேன், சரியாக இருந்தது. அண்ணாச்சியிடம் தாடி முடி கேட்டேன். கூடையில் வந்தது.
அதில் கனமான நைட்ரஜன், அதாவது நைட்ரஜன் அணுக்களில் எடை கூடிய வகை, அதிகமாக இருக்கிறது. கறி தின்பவர் உடம்பில் அப்படித்தான் இருக்கும். சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.
"கறி கிடைச்சுதா அண்ணாச்சி? சொல்லவே இல்லையே!"
"ஆமாம்மா. காட்டுக்கோழி ஒண்ணு கண்ணியில மாட்டிச்சு. ஒனக்கு அனுப்பாம தின்னுட்டேன். கோவிச்சுக்காத."
கோபம் வரவில்லை. பொறாமை வந்தது.

டிசம்பர் 8, காலை 10.20
கார்பனையும் பார்த்தேன். அன்றே பார்த்திருக்க வேண்டும். கறி தின்றால் இரண்டிலும் கனமான வகை ஏறும். இங்கே நைட்ரஜன் ஏறுகிறது, கார்பன் இறங்குகிறது. சாப்பாடு இல்லாத உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரிக்கும்போது இப்படி ஆகும். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவர் தின்றது கோழியை அல்ல. தன்னையே.
"பொய் சொல்லுதீய அண்ணாச்சி. நீங்க சாப்பிடவே இல்ல."
"மிஷின் சொல்லிட்டோ?" சிரித்தார். "இருக்க மாவு ரெண்டு பேருக்குக் காணாது வடிவு. பனி உருகுத வரைக்கும் ஒருத்திக்குக் காணும்."
"எனக்கு வேண்டாம்."
"நீ வேண்டாம்னாலும் நான் தொட மாட்டேன். வீணாத்தான் போவும்."

டிசம்பர் 9, மதியம்
கூடையைத் திறக்காமல் திருப்பி விட்டேன். மேலே வந்தது. மறுபடி விட்டேன். வந்தது. இறங்கும்போது அது தானாக இறங்கும். ஏற்றுவதற்கு அவர் கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் அவர் உடம்பிலிருந்துதான் போகிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.
நிறுத்திவிட்டேன். எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 17
நேற்றிலிருந்து கூடை கூடையாக வருகிறது. கிடங்கு முழுவதும். வேண்டாம் என்று கத்தினேன். வானொலியை எடுக்கவில்லை. கடைசிக் கூடைக்குப் பிறகுதான் பேசினார்.
"இனி இங்க ஒண்ணுமில்ல. கை ஓஞ்சுட்டு. அந்தப் பல்லுல ஏதாவது கிடைச்சுதா?"
"இல்ல அண்ணாச்சி."
"தேடு."

டிசம்பர் 19
பதில் இல்லை.

டிசம்பர் 20 அல்லது 21
பதில் இல்லை. மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கிறது. வானொலிக்கா, பல் இயந்திரத்துக்கா என்று யோசித்து முதலில் வானொலிக்குக் கொடுத்தேன். இரைச்சல்தான் வருகிறது.
மிச்சத்தில் கடைசிப் பல்லையும் ஓட்டி முடித்தேன். பழம். பழம் மட்டும். இதைக் கண்டெடுப்பவருக்கு: பற்களில் வழி எதுவும் இல்லை. நேரத்தை வீணாக்க வேண்டாம்.
சாப்பிடக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். எப்போது அடுப்பு மூட்டினேன் என்று தெரியவில்லை. கஞ்சி முழுவதையும் குடித்துவிட்டேன். பானையை வழித்தேன். வழிக்கும்போது உப்பு போதவில்லை என்று தோன்றியது. அவர் கீழே கிடக்கிறார், நான் எழுந்து போய் உப்பைத் தேடினேன்.