நல்ல மனுஷர் எடுத்த படம்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், அம்மா உடம்பளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவின் புதுப் படம் ஒன்று கேட்டிருந்தாய், பயணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாமா என்றும் கேட்டிருந்தாய். படம் இத்துடன் இருக்கிறது. மற்றதற்குத்தான் இவ்வளவு நீளம்.

ஞாபகம் தப்புகிறவர்களுக்குப் பழைய பொருள்களைக் காட்டினால் நல்லது என்றார் டாக்டர். வீட்டில் நான் ஒருவன் இருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கு வெளியே பழைய கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து வரிசையாக வைத்து, பூங்கா என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள், அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம், வரிசை இல்லாத தபால் நிலையம், நோயாளி இல்லாத வைத்தியர் வீடு, மனிதர்கள் இல்லாததால் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கடைசியில் ஒரு தொழிலாளர் வீடு, அச்சு அசலாக நாம் முதலில் குடியிருந்த வீடு போலவே. அம்மா தடுப்புக் கயிற்றைத் தாண்டிச் சமையலறைக்குள் போய் முந்தானையால் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். காவல்காரப் பெண் ஓடி வந்து, அதெல்லாம் தொடக்கூடாதும்மா, கண்காட்சிக்கு வெச்சிருக்கு என்றாள். நாலு பேர் பார்க்க வர்ற இடத்துல இவ்ளோ தூசியா, உங்க வீட்டுலயும் இப்படித்தானா என்று இவள் கேட்க, அந்தப் பெண் ஒரு துணி கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் கெட்டிக்காரர்தான் என்று அப்போது நினைத்தேன்.

துடைத்து முடித்து ஜன்னலோரம் நின்றவளைப் படமெடுக்கக் கேமராவைத் தூக்கினேன். புடவையைச் சரி செய்துகொண்டு, சார், எம் பொண்ணு சின்னு வெளிநாட்டுல இருக்கா, அவளுக்கு அனுப்பணும், கொஞ்சம் பார்த்து எடுங்க, எங்க வீட்டுக்காரர் எடுத்தா தலை வராது, கேட்டா புடவை நல்லா வந்திருக்கும்பார் என்றாள். சரிங்கம்மா என்றேன். இந்தத் தடவை தலை வந்திருக்கிறது, பார்.

திரும்பும்போது காரில் பின் சீட்டில்தான் உட்கார்ந்தாள். நம் தெரு வந்ததும், இங்கயே இறக்கி விட்டுடுங்க சார், அவர் பார்த்தா தப்பா நினைப்பார் என்றாள். எனக்கு அவ்வளவு மரியாதை இருந்தது இத்தனை நாள் தெரியாது. நாலு வீடு முன்னால் இறக்கிவிட்டு, வண்டியைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளாக ஓடி, அவள் வருவதற்குள் வாசலில் நின்றேன். பார்த்ததும் முகம் மலர்ந்தது. எங்க போயிட்டீங்க, உங்களைத் தேடிட்டே வந்தேன், ஒரு நல்ல மனுஷர் படம் எடுத்து வீடு வரைக்கும் கொண்டு விட்டார், ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லாம வந்துட்டேனே என்று வருத்தப்பட்டாள். இன்னொரு நாள் கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

என்னை இப்படி அடிக்கடி மறக்கிறாள். உன்னை மறக்கவில்லை, இன்றுவரை. உன்னை யாரென்று கேட்காத காலத்திலேயே வந்துவிடு, சின்னு. அடுத்த வருஷத்துக்கு நான் உறுதி சொல்ல முடியாது.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசி. மூவரும் நீடூழி வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. டிக்கெட் வாங்கியதும் நீயே போன் செய்து அம்மாவிடம் சொல். நான் சொன்னால், உங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று கேட்பாள்.

உன் அப்பா