காலண்டரில் நீங்கள் எழுதிய மழை

அப்பா,

இன்று காலை பஜார் ரோட்டில் சுக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால்கள் தாமாக நின்றுவிட்டன. மூட்டை சுமந்துவிட்டு மட்டாஞ்சேரிச் சந்துக்குள் நீங்கள் நுழையும்போதெல்லாம், உங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் வருவது இந்த வாசனைதான். நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் சிரிப்புதான் வந்தது. மூட்டை தூக்கும்போது போடும் அந்த நீலச் சட்டையோடு, ஆஸ்பத்திரியில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருந்த காட்சி நினைவுக்கு வந்துவிட்டது.

எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. எனக்கு மாதவிலக்கு ஒரு கணக்கில் நிற்காது. இரண்டு மாதம் வராது. வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காது. படுக்கையில் பழைய ரப்பர் ஷீட்டை விரித்துப் படுப்பேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நான் பாதிப் படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் நீங்கள் கேட்டீர்கள், "எத்தனை நாளா இப்படி?"

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஆம்பள கேக்குற பேச்சா இது? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கல்யாணம் ஆனா சரியாப் போகும்."

"அதுவரைக்கும் உடம்புல ரத்தம் மிச்சம் இருக்கணுமே" என்றீர்கள்.

அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். நீங்களும் எடுக்கவில்லை. மறுநாள் காலை கையில் சாயாவோடு வந்து, "மோளே, இன்னிக்கு மழையா, தூறலா?" என்றீர்கள். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "மழை" என்றேன். சுவரில் தொங்கிய காலண்டரில் அப்படியே எழுதினீர்கள். பெருமழை, மழை, தூறல், வெயில். இரண்டு மாதம் ஒரு நாள் விடவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா முறைப்பாள். ஆனால் மழையைப் பற்றிப் பேசாதே என்று யார் யாரிடம் சொல்ல முடியும்?

ஜூனில் பள்ளி திறந்த வாரம், காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தேன். மறுநாளே காலண்டரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள். பெண்கள் பிரிவின் பெஞ்சில், காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். அங்கே நம் தெரு சேச்சி ஒருத்தி இருந்தாள். "எந்தா இவிடே?" என்று, இங்கே என்ன வேலை என்பதுபோல் உங்களைப் பார்த்துக் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள்: "மோளுக்கு பீரியட்ஸ் சரியில்ல சேச்சி. நிக்காமப் போகுது. காட்ட வந்தோம்."

சேச்சி நகர்ந்து எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் மகளுக்கும் இதே தொல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மறுவாரம் மகளைக் கூட்டி வந்தாள்.

"மழைன்னு சொல்லியிருக்கலாமே அப்பா" என்று உங்கள் காதில் முணுமுணுத்தேன்.

"மழை வீட்டுக்கு. இங்க மழைன்னு சொன்னா குடைதான் தருவாங்க."

டாக்டரம்மா காலண்டரை மேசைமேல் விரித்தார். "மே மாசத்தில் இத்ர பெருமழையோ சேட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்காமல், ஒவ்வொரு நாளாக விரல் வைத்துப் படித்தார். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்றுகிறேன், மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வருமா என்றெல்லாம் கேட்டார். வயதுக்கு வந்த முதல் சில வருடம் நாள் முன்பின் ஆகலாம், அதற்குப் பயம் வேண்டாம் என்றார். ஆனால் ஒரு வாரத்தைத் தாண்டிப் போவதையும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் பேட் நனைந்துவிடுவதையும் வழக்கம்தான் என்று விட்டுவிடக் கூடாது என்றார். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பயப்படும்படியான நோய் ஒன்றும் இல்லை. உடம்பில் ரத்தம்தான் மிகவும் குறைந்திருந்தது. போக்கைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரை, ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரை. அதை மட்டும் சாயாவோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. எனக்குத் துணையாக நீங்களும் காலைச் சாயாவைத் தள்ளிப்போட்டீர்கள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் செய்த பெரிய தியாகம் அதுதான் என்று அம்மா இன்றும் சொல்கிறாள்.

அந்த ஓணத்துக்குப் பள்ளியில் எல்லாப் பெண்களையும்போல வெள்ளைச் செட்டுமுண்டு, அந்த இரண்டு துண்டுப் புடவை, உடுத்தினேன். அன்று எனக்கு மூன்றாம் நாள். முந்தைய ஓணத்துக்கு வெள்ளையில் கறை பட்டுவிடுமோ என்ற பயத்திலேயே வீட்டில் கிடந்தவள் நான். இந்தமுறை கயிறு இழுக்கும் போட்டியில் கடைசி ஆளாக நின்றேன். வேலிக்கு வெளியே நின்று, "குதிகாலை ஊனு மோளே" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் எதிரணிப் பிள்ளைகளும் குதிகாலை ஊன்றிவிட்டார்கள். தோற்று, மொத்தமாகச் சேற்றில் விழுந்தோம். எழுந்தபோது என் முண்டில் ஒட்டியிருந்தது சேறு மட்டும்தான். அன்று சிரித்ததுபோல் அதற்குமுன் நான் சிரித்ததில்லை.

போன மாதம் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாதவிலக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப மறுபடி லேசா படுது. டாக்டரைப் பாக்கணும்" என்றாள். எதையும் முந்தானைக்குள் மறைத்தே பழகியவள், யாரும் கேட்காமல் தானே சொன்னாள். நான் லீவு போட்டேன். டாக்டரின் அறையில் அவளுக்காகப் பேச வாயைத் திறந்தேன். "நான் சொல்லிக்கிறேன்" என்று கையால் என்னை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் தானே சொன்னாள். பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள் அப்பா, பயப்பட ஒன்றுமில்லை.

அவள் பேசி முடிக்கும்வரை, அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, உங்களைப்போலவே நான் அந்த அறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.